டிக்கியில் சப்வூஃபர்: பெட்டியைப் படகு மாதிரி கட்டுங்கள்

கேள்வி இதுதான். ராமேஸ்வரத்தில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டும் ஒரு தம்பி, தன் செடான் காரின் டிக்கியில் 12 இஞ்ச் சப்வூஃபர் (பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வைக்க நினைக்கிறார். ரெடிமேடாக வாங்கிப் போட்ட எம்டிஎஃப் பெட்டி ஒரே மழைக்காலத்தில் ஊதி, மூலை பிளந்துவிட்டது. இந்த முறை அளவெடுத்து, ஆள் வைத்துச் செய்யலாம் என்கிறார். ஆனால் யாத்ரீகர்களின் பெட்டி, பை வைக்கவும் இடம் வேண்டும். எந்தப் பலகை, எத்தனை லிட்டர், சீல்டா (முழுக்க மூடிய பெட்டி), போர்ட்டட்டா (காற்றுக்குழாய் வைத்த பெட்டி) என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, பழைய பெட்டி ஏன் ஊதியது என்பதிலிருந்து தொடங்குகிறேன். புதுப் பெட்டியின் பாதி முடிவுகள் அதிலேயே இருக்கின்றன.

எம்டிஎஃப் என்பது மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. ஸ்பீக்கர் பெட்டிக்கு அதைத்தான் எல்லா ஊரிலும் எடுக்கிறார்கள். கனமானது, ஒரே சீரானது, வெட்டும்போது சிலும்பு எழாது. முகப்பில் தண்ணீர் பட்டால் கொஞ்சம் தாங்கும். வெட்டிய ஓரம் தாங்காது, டீயில் விட்ட பிஸ்கட் மாதிரி குடித்துக்கொண்டே இருக்கும். ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்க்ரூ பிடி இழக்கும், மூட்டு விலகும், காற்று கசியும். காற்று கசிகிற சீல்டு பெட்டி தொங்கலான பறை மாதிரி.

உங்கள் டிக்கிக்குள் தண்ணீர் எப்படி வந்தது? மழை மட்டும் காரணமாக இருக்காது. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வருகிறவர்கள் ஈரத்துணிப் பையை எங்கே வைக்கிறார்கள்? உங்கள் டிக்கியில்தான். பக்கத்தில் மூடி சரியில்லாத தீர்த்தக் கேன். அப்புறம் தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்க் கால் மணலோடு ஏறுகிறார்கள். நல்ல தண்ணீர் சிந்தினால் காய்ந்துவிடும். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு நிற்கும், அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை ராத்திரியில் மறுபடி இழுக்கும். அதனால் உங்கள் டிக்கி கம்பளம் கோடையிலும் முழுசாகக் காய்வதே இல்லை. கையை வைத்துப் பாருங்கள், பிசுபிசுப்பு தெரியும்.

இது நம் கரையின் குணம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) நிறுவனத்தார் உலோகத் தகடுகளை வெட்டவெளியில் வைத்து அரிமானம் பார்ப்பதற்கு மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் விசேஷப் பெயிண்டும் போட்டார்கள். ரயில்வேக்கே அந்தப் பயம் இருக்கிறது, நம் பெட்டி எம்மாத்திரம்!

நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். ராமநாதபுரத்தில் கார் வயரிங், செட்டு வேலை பழகிய ஆரம்பத்தில் என் சொந்த வேனுக்கு 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப்பில் ஒரு பெட்டி அடித்தேன். வெளியே இரண்டு கோட்டு பெயிண்ட், உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது வாடைக்குள் அடிப்பலகை இட்லி மாதிரி உப்பிவிட்டது. அதைக் கழற்றிப் போட்டிருந்த நேரத்தில், வேறு வேலையாக வந்த மண்டபத்து ஃபைபர் மேஸ்திரி ஒருவர் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "வள்ளத்துக்கு யாராவது அட்டையில பலகை போடுவாங்களாண்ணே" என்றார். அன்றைக்குக் கோபம்தான் வந்தது. பிறகு நான் செய்த பெட்டிகள் எல்லாம் அவர் சொன்ன வழிதான்.

இப்போது உங்கள் பெட்டி. முதலில் 12 இஞ்ச் ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு சாதாரண 12 இஞ்சுக்கு சீல்டு பெட்டி 28 லிட்டரிலிருந்து 35 லிட்டர் வரை கேட்கும். 34 லிட்டர் என்று வைத்தால் 18 மில்லி பலகையில் வெளி அளவு 60 க்கு 38 க்கு 23 சென்டிமீட்டர் வரும். உள்ளே 37.6 லிட்டர், அதில் ஸ்பீக்கரின் பின்பக்கமும் உள் சட்டமும் தின்பது போக மீதி 34. இந்தப் பெட்டியைப் பின்சீட்டை ஒட்டி வைத்தால் இரண்டு பெரிய சூட்கேஸ் இடம் போச்சு. வருமானம் தரும் டிக்கியில் அது சரிப்படாது. போர்ட்டட் என்றால் இன்னும் மோசம், அதே 12 இஞ்ச் 50 லிட்டருக்கு மேல் கேட்கும்.

நான் சொல்வது: 10 இஞ்ச், சீல்டு, டிக்கியின் பக்கக் குழிக்குள் ஃபைபர் பெட்டி. சக்கர வளைவுக்குப் பின்னால், டெயில் லேம்ப்புக்கு முன்னால், இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒரு பள்ளம் இருக்கும். செடான்களில் அது பெரும்பாலும் பழைய துணியும் ஜாக்கியும் கிடக்கும் வீண் இடம். கொஞ்சம் முன்னால் இழுத்துக் கட்டினால் 20 முதல் 25 லிட்டர் அதிலிருந்தே எடுக்கலாம். தரை அப்படியே காலி. சிஎன்ஜி சிலிண்டர் வைத்த வண்டியிலும் இந்தப் பக்கக் குழி பல நேரம் மிச்சம் இருக்கும்.

லிட்டர் கணக்கை ஸ்பீக்கர் அட்டையில் பாருங்கள். எஃப்எஸ் (Fs), கியூடிஎஸ் (Qts), வாஸ் (Vas) என்று மூன்று எண் போட்டிருப்பார்கள். தீல், ஸ்மால் என்று ஆஸ்திரேலியாவில் வேலை செய்த இரண்டு பொறியாளர்கள் 1960, 70களில் ஒழுங்குபடுத்திய கணக்கு அது. சீல்டு பெட்டிக்கு வழி சுலபம். 0.707 ஐ கியூடிஎஸ்ஸால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, ஒன்றைக் கழியுங்கள். வாஸை அந்த எண்ணால் வகுத்தால் பெட்டியின் லிட்டர். கியூடிஎஸ் 0.5, வாஸ் 25 லிட்டர் என்றால் பெட்டியும் 25 லிட்டர். அதே வாஸ், கியூடிஎஸ் மட்டும் 0.4 என்றால் 12 லிட்டர் போதும். ஒரே 10 இஞ்சில் பாதிக்குப் பாதி வித்தியாசம். அதனால் ஸ்பீக்கரை வாங்காமல் பெட்டியைத் தொடங்காதீர்கள். இந்த எண்கள் அட்டையிலும் இல்லை, கடைக்காரரிடமும் இல்லை என்றால் அந்த ஸ்பீக்கரே வேண்டாம். வாங்கும்போது கோனைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்றும் பாருங்கள். நம் வெயிலிலும் ஈரத்திலும் ஃபோம் சில வருடத்தில் உதிர்ந்துவிடும். காகிதக் கோனைவிட பிளாஸ்டிக் கோன் இங்கே நிம்மதி.

சீல்டு வைத்தால் அடி ஆழம் போகாதே என்று நண்பர்கள் சொல்வார்கள். வீட்டில் அது உண்மை. கார் சின்ன அறை. 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக அந்த அறையே சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். சீல்டு பெட்டி கீழே இறங்குகிற அளவை அது பெருமளவு ஈடுகட்டிவிடும். பேஸ் கிதாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். அது நன்றாகவே கேட்கும். உருமியும் பறையும் சீல்டில்தான் இறுக்கமாக, அடித்த கையோடு நிற்கும். திருவிழா சவுண்ட் சர்வீஸ் மாதிரி தெருவே அதிர வேண்டும் என்றால் போர்ட்டட்தான். ஆனால் உங்கள் பின்சீட்டில் உட்காருவது காசியிலிருந்து வந்த பெரியவர்கள், மறக்க வேண்டாம்.

போர்ட்டட்டில் ஆசை போகாதவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. 50 லிட்டர் பெட்டியை 35 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்ய, உள் விட்டம் 10.4 சென்டிமீட்டர் உள்ள பிவிசி குழாய் ஒன்று 34 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். ஒரு குழாயில் காற்று சீறுகிறதே என்று இரண்டு போட்டால், ஒவ்வொன்றும் 75 சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டும். பெட்டிக்குள் அடங்காது. பலர் இரண்டாவது குழாயை அதே நீளத்தில் வெட்டிச் சொருகி, ட்யூனிங்கை 50 ஹெர்ட்ஸ் பக்கம் தூக்கிவிட்டு, "ஒரே இரைச்சலா இருக்கு" என்று வந்து நிற்பார்கள்.

சரி, ஃபைபர் வேலை. நம் பக்கத்தில் இதற்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கும் ஃபைபர் வள்ளம் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை கார் கடைகளில் ஆடம்பர வேலையாகச் செய்வதை இவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ரெசின், மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ரெசினை உறைய வைக்கும் கோபால்ட், கேட்டலிஸ்ட் எல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கும். அவர்களுக்குத் தெரியாதது காரும் ஸ்பீக்கரும்தான். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கக் குழியின் கம்பளத்தைக் கழற்றியதும் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெயில் லேம்ப் பல்பு மாற்றும் வழி, வயர் கட்டு, சில கார்களில் பம்பருக்குப் பின்னால் காற்று வெளியேறும் ரப்பர் மடல். கதவை அடிக்கும்போது உள் காற்று போவது அந்த மடல் வழியாகத்தான். அதை அடைத்துவிட்டால் கதவு சாத்த ஓங்கி அடிக்க வேண்டியிருக்கும். பெட்டி அதைத் தொடாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கட்டும், கழற்றி எடுக்கும்படியும் இருக்கட்டும். துரு இருந்தால் இப்போதே சுரண்டிப் பெயிண்ட் அடியுங்கள். பிறகு அந்த இடத்தைப் பார்க்க முடியாது.

குழி முழுக்க மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே மெழுகு பாலிஷ் தடவுங்கள். டிக்கியின் மற்ற இடம், பின்சீட்டு எல்லாம் பாலிதீன் போட்டு மூடுங்கள். ரெசின் பட்டால் பட்டதுதான். 450 கிராம் மேட்டைக் கைப்பிடி அகலத் துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கத்தரித்த ஓரத்தைவிடக் கிழித்த ஓரம் நன்றாகப் படியும். வண்டிக்குள் இரண்டு அடுக்கு மட்டும் ஒட்டி, காய்ந்ததும் அந்த ஃபைபர் ஓடு முழுவதையும் வெளியே எடுத்து மீதியை வெளியில் ஒட்டுங்கள். ஒரே மூச்சில் ஆறு அடுக்கு போட்டால் சூடேறிக் கோணிக்கொள்ளும். மொத்தம் ஆறு அடுக்கு கிட்டத்தட்ட 6 மில்லி தடிமன் தரும். வளைந்த இடத்துக்கு அது தாராளம். தட்டையான இடத்துக்குப் போதாது, தட்டினால் டமடம என்னும். அங்கே வள்ளத்துக்கு வைப்பது மாதிரி, ஒரு மரச்சட்டத்தையோ பாதியாகப் பிளந்த பிவிசி குழாயையோ முதுகெலும்பாக வைத்து, மேலே இரண்டு அடுக்கு ஒட்டச் சொல்லுங்கள். மேஸ்திரிக்குச் சொன்ன உடனே புரியும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி, பிறகுதான் கேட்டலிஸ்ட். ஒரே அளவுக் குப்பியை இரண்டுக்கும் எடுக்கவே கூடாது. ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லிலிட்டர் கேட்டலிஸ்ட் நம் வெயிலுக்குப் போதும். அதற்கு மேல் போனால் பிரஷ்ஷோடு உறைந்துவிடும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். டிக்கிக்குள் தலையை விட்டு வேலை செய்யும்போது எல்லாக் கதவும் திறந்திருக்கட்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம். இன்னொன்று: அச்சுக்கு தெர்மகோல் வைத்தால் ரெசின் அதைக் கரைத்துத் தின்றுவிடும்.

ஓடு தயாரானதும் அளக்க வேண்டும். வளைந்த பெட்டிக்கு ஸ்கேல் உதவாது. வாயை மேலே பார்க்க வைத்து, லிட்டர் பாட்டிலால் எண்ணி எண்ணித் தண்ணீர் ஊற்றுங்கள். முன்பலகை வரும் கோடு வரை எத்தனை பாட்டிலோ அதுதான் கொள்ளளவு. எங்காவது ஊசித்துளை இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். ஸ்பீக்கரின் பின்பக்கம் தின்னும் ஒன்று, ஒன்றரை லிட்டரைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று லிட்டர் குறைந்தால் பரவாயில்லை. தலையணைக்குப் போடும் ரெக்ரான் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் ஸ்பீக்கருக்குப் பெட்டி கொஞ்சம் பெரிசானது போலத் தோன்றும். இலவம்பஞ்சு மட்டும் வேண்டாம், ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும்.

முன்பலகைக்கு 18 மில்லி மரைன் ப்ளை. பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்க வேண்டும். "வாட்டர்ப்ரூஃப்தான் சார்" என்று 303 முத்திரையைக் காட்டுவார்கள், அது பொதுப் பயன்பாட்டுப் பலகை. முழு ஷீட் வாங்க வேண்டாம், படகுத் தச்சரிடம் துண்டு கிடைக்கும். வட்டத்தை வெட்டியதும் வெட்டிய ஓரம், ஸ்க்ரூ ஓட்டை, பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ரெசின் தடவிக் காயவிடுங்கள். என் பழைய பெட்டியில் நான் விட்டது இதைத்தான். கறுப்பு ஸ்க்ரூவைத் தொடாதீர்கள், ஒரே வருடத்தில் துருத்தூளாகிவிடும். எஸ்எஸ் போல்ட்டும் பின்னால் பலகையில் பதியும் டி-நட்டும் போடுங்கள். சிலிகான் வாங்கும்போது வினிகர் வாசம் அடிக்கிற வகை வேண்டாம், அந்த அமிலம் டெர்மினலைப் பச்சை பூக்க வைக்கும். நியூட்ரல் வகை என்று கேளுங்கள். மேலே கம்பளம் ஒட்டும் வழக்கம் இங்கே சரிவராது, ஈரத்தையும் மணலையும் பிடித்து வைக்கும். ரெக்ஸின் ஒட்டுங்கள், அல்லது படகு பெயிண்ட் போதும். எனக்குப் பெயிண்ட்தான் பிடிக்கும், ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது.

ஸ்பீக்கருக்கு முன்னால் கம்பி கிரில் கட்டாயம். சூட்கேஸ் மூலை கோனில் குத்த ஒரு பயணம் போதும். பை மறைத்தால் சத்தம் குறையுமா என்று கேட்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், ஒரு பை அதற்கு ஒரு தடையே இல்லை. கோன் அசைய முன்னால் நாலு விரல் இடம் இருந்தால் போதும்.

பெட்டியைத் தரையில் ஸ்க்ரூ அடித்து நிறுத்தாதீர்கள். பல கார்களில் பெட்ரோல் டேங்க் பின்சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. டேங்கில் படாவிட்டாலும் அந்த ஓட்டையில் உப்புத்தண்ணீர் இறங்கும். கம்பெனி கொடுத்த லக்கேஜ் கொக்கி, ஏற்கெனவே இருக்கும் போல்ட் இவற்றில் கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் தொட வேண்டாம், எர்த்துக்குக்கூட.

இனி வயர். இந்தக் கரையில் பெட்டிக்கு அடுத்தபடியாகச் சாவது இதுதான். கடையில் கிட் என்று பளபளவென்று விற்கும் பவர் வயரில் பெரும்பாலானது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. கத்தியால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அதுதான். செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான் கரண்ட் கடத்தும். அதைக்கூடப் பொறுக்கலாம். முனையில் உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்து, பிடிப்பு விட்டு, சூடேறும். தூத்துக்குடியிலும் சென்னையிலும் படகுச் சாமான் விற்கும் கடைகளில் ஈயம் பூசிய செம்பு வயர் கிடைக்கும், விலை கூட, ஆனால் ஒரே செலவு. கிடைக்காவிட்டால் சாதாரண முழுச் செம்பு வயர் வாங்கி, முனையில் லக்கை (வளைய முனை) அழுத்தியதும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிவிடுங்கள்.

அளவு என்ன? 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்) கிளாஸ் டி ஆம்ப் முழு வேகத்தில் 28 ஆம்பியர் பக்கம் இழுக்கும். 16 சதுர மில்லி செம்பு, பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்றால் வழியில் 0.2 வோல்ட்கூட இழக்காது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். இது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, வழியில் வயர் உரசி பாடியைத் தொட்டால் வண்டி எரியாமல் இருக்க. ஆம்ப் டப்பாவில் 2000 வாட் என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். அதன் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 400 வாட்தான், வெளியே அதற்கு மேல் எப்படி வரும்?

எர்த்துக்குப் பெயிண்ட்டைப் பளபள இரும்பு தெரியும் வரை சுரண்டி, லக்கை வைத்து இறுக்கிய பிறகு, மேலே கிரீஸோ பெயிண்டோ தடவி மூட வேண்டும். சுரண்டுவதை எல்லோரும் செய்வார்கள், மூடுவதை மறப்பார்கள். ஆறு மாதத்தில் "ஆம்ப் ஆஃப் ஆகுது" என்று வரும் வண்டிகளில் நான் முதலில் பார்க்கும் இடம் அதுதான். பவர் வயர் ஒரு பக்கம், பாட்டு சிக்னல் கொண்டுவரும் ஆர்சிஏ வயர் மறுபக்கம் இழுங்கள். ஆம்பை பெட்டியின் மேல் மாட்டாதீர்கள், அதிர்ந்து சால்டர் விடும். பின்சீட்டின் முதுகில் ஒரு ப்ளைத் துண்டு வைத்து, தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் மாட்டுங்கள். கேன் சிந்தினாலும் அதைத் தொடாது.

ட்யூனிங் சுருக்கமாக: லோ பாஸ் (இதற்கு மேலான சத்தத்தைத் தடுக்கும் திருகு) 80 ஹெர்ட்ஸ், பேஸ் பூஸ்ட் பூஜ்யம். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோனைச் செட்டின் முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப் வெளியே மல்டிமீட்டரில் ஏசி வோல்ட் பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 300 வாட் என்றால் 34 வோல்ட் வரும் வரை கெய்ன் ஏற்றினால் போதும், அதற்கு மேல் திருக வேண்டாம்.

முடிந்ததும் கோனை இரண்டு கையாலும் மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். சோம்பலாகத் திரும்பி வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளினால் எங்கோ கசிவு. அதன் பிறகும் கடகட சத்தம் வந்தால் பெட்டியைக் குறை சொல்லுமுன் நம்பர் பிளேட்டைக் கையால் பிடித்துப் பாருங்கள்.

எப்போது செய்வது? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். மேட் ஈரம் குடித்து வெள்ளை பூக்கும், ஒட்டு நிற்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி மராமத்து நடக்கும், தச்சரும் ஃபைபர் ஆளும் உங்கள் போனையே எடுக்கமாட்டார்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆடியில் மணல் பறந்து ஈர ரெசினில் ஒட்டும், ஷெட்டுக்குள் செய்தால் சரி. மாசி, பங்குனிதான் தோது. காய்ந்த வெயில், ஆளும் கிடைப்பார், சிவராத்திரிக் கூட்டம் முடிந்தால் உங்களுக்கும் இரண்டு நாள் வண்டியை நிறுத்த முடியும். அதுவரை ஸ்பீக்கரை வாங்கி வீட்டில் வையுங்கள், டிக்கியில் வேண்டாம்.